இன்று கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவும், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சியில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் சேரவில்லை?" என்று தோன்றித்தான் கேட்டிருப்பீர்கள். நோவா ஸ்கோஷியாவின் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் அதே சந்தேகம். புரட்சி நடந்த சமயத்தில் நோவா ஸ்கோஷியாவில் இருந்தவர்களில் பாதிக்கு மேல், பாஸ்டன் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அப்பா, அண்ணன், தம்பி எல்லாம் அங்கே இருக்கிறார்கள், எங்களைச் சண்டையில் இழுக்காதீர்கள் என்று இங்கிருக்கும் யார்மத் ஊர் மக்கள் 1775இல் மனுவே கொடுத்தார்கள்.

என் மனைவியின் தம்பி பாஸ்டனில் இருக்கிறான். போன நவம்பரில் வந்தவன், "உங்க ஊர்க்காரங்களுக்குத் துணிச்சல் பத்தல அத்தான்" என்று சீண்டினான். சரி வா என்று, அன்று பிரிட்டிஷார் வசம் இருந்த கம்பர்லேண்ட் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அப்போது நோவா ஸ்கோஷியாவில் இருந்த அந்த இடம், இன்று பக்கத்து மாகாணமான நியூ பிரன்சுவிக்கில் இருக்கிறது. சதுப்பு நிலத்தைத் தாண்டி வந்த காற்றில் ஐந்து நிமிடம்கூட நிற்கமாட்டாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். 1776 நவம்பரில் இதே மேட்டைத்தான் புரட்சிக்காரர் ஜோனதன் எடி சில நூறு பேரோடு முற்றுகையிட்டார். பீரங்கி கிடையாது. புரட்சிப் படைத் தளபதி வாஷிங்டனிடம் முன்பே உதவி கேட்டும் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் கப்பலில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியதும் எடியின் ஆட்கள் சிதறி ஓடினார்கள்.

கோட்டை விழுந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஹாலிஃபாக்ஸில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. மீனை நம்பிப் பிழைத்த ஊர்கள் அதை எதிர்த்து எத்தனை நாள் தாங்கும்? போதாததற்குப் புரட்சிக்காரர்களின் தனியார் போர்க்கப்பல்களே இந்த ஊர்களைக் கொள்ளையடித்தன. கனெக்டிகட்டில் பிறந்த சிமியோன் பெர்கின்ஸ், இங்கிருக்கும் லிவர்பூல் என்ற ஊரைக் காக்க 1780இல் அவர்களுக்கு எதிராகவே ஆள் திரட்ட வேண்டியதாயிற்று.

ஒருவேளை சேர்ந்தே இருந்தால்? போர் முடிந்து 1783 வாக்கில் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த, பிரிட்டன் பக்கம் நின்ற சுமார் 30,000 பேருக்குப் போக்கிடம் ஏது? அவர்களில் ஏறக்குறைய 3,000 பேர், பிரிட்டன் பக்கம் வந்தால் விடுதலை என்ற வாக்கை நம்பி வந்த கறுப்பர்கள். இப்படிக் கற்பனைக் கதை எழுதுகிறவர்கள் இவர்களை மறந்தே போகிறார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், வரலாற்று ஆசிரியன் இல்லை. பிரிட்டனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பாயாதீர்கள். 1755இல் இங்கே வாழ்ந்த பிரெஞ்சு வம்சாவளியினரான அகேடியர்களைத் துரத்திவிட்டு, அவர்கள் நிலத்தை நியூ இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொடுத்ததும் அதே அரசுதான்.

எரிச்சல் என்னவென்றால், என் மாமியார் இன்னும் ஊரில், "மகனும் மருமகனும் அமெரிக்காவுல இருக்காங்க" என்றுதான் சொல்கிறார். "நான் இருக்கறது கனடா, அத்தை" என்று திருத்தினால், "ரெண்டும் பக்கம்தானே" என்கிறார். மகனுக்கு மட்டும் ஊர் பேர் சரியாகச் சொல்லத் தெரிகிறது.