வைவா என்றால் வைவார்களா?

கேள்வி: இன்ஜினியரிங் கடைசி வருஷம். மூன்று ரிவ்யூவும் முடிந்துவிட்டன. பத்து நாளில் வைவா. புராஜெக்ட் பாதிதான் ஓடுகிறது. ராத்திரி தூக்கமில்லை, வயிற்றைக் கலக்குகிறது. தைரியம் வர வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: தம்பியோ அம்மிணியோ, பாதிப் பயம் அந்த வார்த்தையால் வருவது. லத்தீனில் ‘விவா வோசே’ என்றால் உயிருள்ள குரல். எழுதிக் கொடுத்ததை வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நம் காதில் ‘வைவா’ என்று விழுவதால், வையப் போகிறார்கள் என்றே மனசு முடிவு கட்டிவிடுகிறது.

வைதாலும் நீங்கள் இருப்பது கொங்கு நாட்டில். எங்கள் உதவி ஆசிரியர் மதுரைக்காரர். வந்த புதிதில் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, “ஏனுங்க, வாடகை குடுக்கோணும்ங்கற நெனப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா?” என்று கேட்டதை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, “இருக்குங்க” என்று சிரித்திருக்கிறார். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கதவில் வேறு பூட்டு. இங்கே ‘ங்க’ கூடக்கூடத்தான் கோபமும் கூடும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வெளிக் கல்லூரியிலிருந்து கேள்வி கேட்க வருகிற எக்ஸ்டர்னல், “தம்பி, இதை நீங்கதானுங்களா செஞ்சீங்க?” என்று குழைந்தால் மட்டும் பயப்படுங்கள். முத்தமிழால் வைதாரையும் வாழவைப்பவன் என்று முருகனைப் பாடினார் அருணகிரிநாதர். பக்கத்தில்தானே சென்னிமலை, ஒரு நடை போய் வாருங்கள். வைவாவுக்கும் அது செல்லுமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் ஆபீசுக்குக் கீழே ஒரு பைண்டிங் கடை. போன வருஷம் ஒரு பையன், கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நாலு காப்பி எல்லாம் கைக்கு வந்தபிறகு நன்றியுரையைப் புரட்டினான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். சீனியரின் ஃபைலில் கைடு பெயரை மாற்றியவன், கல்யாண வேலைக்கு நடுவிலும் டைப் அடித்துக் கொடுத்த அருமை அக்காவை மாற்ற மறந்துவிட்டான். அவனுக்கு அக்காவே கிடையாது.

ஆகவே நன்றியுரையையாவது சொந்தமாக எழுதுங்கள். ஓடுகிற பாதியை ஓட்டிக் காட்டிவிட்டு, மற்ற பாதி எங்கே மாட்டிக்கொண்டது என்று அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சொந்தமாகச் செய்து கெடுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

அப்புறம் அந்த வயிறு. பத்து நாளைக்கு ராத்திரி புரோட்டாவை விட்டுவிட்டு, அரிசிம்பருப்பில் நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். தக்காளி சேர்க்கக் கூடாது. சேர்க்கலாம் என்று போன வருஷம் வரிந்துகட்டிக்கொண்டு கடிதம் போட்ட கோபி வாசகர்கள் இதையும் படிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.