டெனர் பாஞ்சோவுக்கு எந்தக் கம்பி வாங்குவது? மும்பையில் எங்கே கிடைக்கும்?

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவு: பழைய நாலு கம்பி டெனர் பாஞ்சோ, 17 மெட்டு (ஃப்ரெட்), இரண்டு கம்பி அறுந்திருக்கிறது, முன்பு மாண்டலின் வாசித்த கை, வீடு முலுண்டில். நான் செம்பூரில் இருக்கிறேன். ஆறு வருஷமாக இதே வாத்தியத்தோடு மல்லுக்கட்டுவதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் காரியம், மும்பையில் எந்தக் கடையிலும் போய் "பேஞ்சோ கா தார்" என்று கேட்காதீர்கள். கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைத்துவிடும், அதுதான் வம்பு. இந்த ஊரில் பேஞ்சோ என்றால் கணபதி ஊர்வலத்தில் தாஷாவுக்கும் டிரம்முக்கும் நடுவே ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருமே, டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வைத்த பெட்டி, அதுதான். நம் வீடுகளில் அதைப் புல்புல்தாரா என்போம். அதன் மூலம் ஜப்பான். 1912இல் நகோயாவில் உருவான தாய்ஷோகோட்டோ என்ற வாத்தியம் இங்கே வந்து வேஷம் மாறியது. தோல் போர்த்திய வட்டமும் நீளக் கழுத்தும் உள்ள நம் பாஞ்சோவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் கிடையாது.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரர் டப்ளினில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு 19 மெட்டு டெனர் பாஞ்சோ வாங்கி வந்தார். வாசித்தாரா என்றால் இல்லை. அவர்கள் வீட்டு ஹாலில் கல்யாணப் போட்டோ பக்கத்தில் அது தொங்கியது. ஒருநாள் நான் எடுத்துத் திருகப் போக, முதல் கம்பி பட்டென்று போய்விட்டது. "நீயே வச்சுக்கோடா, நீதான் மாண்டலின் கத்துக்கிட்டவன்" என்று தலையில் கட்டிவிட்டார். லால்பாக் பக்கம் ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர், "கௌன்சா? பட்டன்வாலா?" (எது, பொத்தான் வைத்ததா?) என்றார். எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தமே புரியவில்லை, தலையாட்டிவிட்டேன். சுருட்டி வைத்த மெல்லிய எஃகுக் கம்பி நாலு கொடுத்தார். நாலும் ஒரே கனம். வீட்டுக்கு வந்து நாலையும் மாட்டினேன். முதல் கம்பி ஏதோ பேசியது. நாலாவது கம்பி மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடியது. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைக் கொடுத்தார்.

அதனால் வாத்தியத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அந்த எண் என்ன என்பது நீங்கள் எந்தச் சுருதிக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டெனர் பாஞ்சோவுக்கு இரண்டு சுருதி முறைகள் பிரபலம். ஒன்று, கனமான கம்பியிலிருந்து சி-ஜி-டி-ஏ. 1910களில் அமெரிக்காவில் இந்த வாத்தியம் பரவி ஜாஸ் குழுக்களில் புகுந்தபோது இருந்த முறை இது. வயோலாவுக்கும் இதே சுருதிதான். இன்னொன்று ஜி-டி-ஏ-ஈ. அயர்லாந்தின் டப்ளினர்ஸ் இசைக்குழுவில் வாசித்த பார்னி மெக்கென்னா இதைப் பிரபலமாக்கினார். அயர்லாந்துக்காரர்கள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் சேர்க்கிறார்கள். மாண்டலினின் அதே நாலு சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. (மேற்கத்திய மாண்டலினைச் சொல்கிறேன். கச்சேரி மேடையின் ச-ப-ச-ப கணக்கு வேறு.) இரண்டு முறையிலும் ஒவ்வொரு கம்பியும் முந்தைய கம்பிக்குப் பஞ்சமம். நீங்கள் மாண்டலின் வாசித்தவர், விரல்களுக்கு ஜி-டி-ஏ-ஈ ஏற்கெனவே தெரியும். யோசிக்கவே வேண்டாம், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சி-ஜி-டி-ஏவுக்கான கம்பியை மாட்டிவிட்டு, தளர்த்தி ஜி-டி-ஏ-ஈக்கு இறக்கினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு கம்பியையும் சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இறக்குகிறீர்கள். அதிர்வெண் முக்கால் ஆகிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பதினாறில் ஒன்பது பங்குக்கு, அதாவது ஏறக்குறைய 56 சதவீதத்துக்கு விழுந்துவிடும். கம்பி மெட்டில் இடித்து இரையும், பிக் பட்டதும் சுருதி எகிறித் திரும்பும். மாண்டலின் கம்பியை மாட்டினாலும் ஏறக்குறைய இதே கதிதான். போதாக்குறைக்கு நீளமும் பத்தாமல் போகலாம். கீழ்ச் சுருதி வேண்டுமென்றால் கம்பி கனமாக இருக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். பத்து என்றால் 0.010 அங்குலம், கால் மில்லிமீட்டர். சி-ஜி-டி-ஏவுக்கு மெல்லிய கம்பி 9 அல்லது 10இல் தொடங்கி, கடைசிக் கம்பி 30, 32இல் முடியும். ஜி-டி-ஏ-ஈக்கு 12, 13இல் தொடங்கி 40, 42 வரை போகும். டெனர் பாஞ்சோ செட் என்று மட்டும் உறையில் போட்டிருந்தால் பெரும்பாலும் முதல் வகைதான். ஐரிஷ் டெனர் என்று இருந்தால் இரண்டாவது. ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம், ஐந்து கம்பி பாஞ்சோ செட்டும் பிளெக்ட்ரம் பாஞ்சோ செட்டும் உங்களுக்கு ஆகாது. பிளெக்ட்ரத்துக்கும் நாலே கம்பிதான், ஆனால் கழுத்து நீளம், சுருதியும் வேறு.

வாங்குமுன் ஓர் அளவு எடுங்கள். கழுத்து முனையில் கம்பி உட்காரும் நட்டிலிருந்து 12வது மெட்டு வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். பிரிட்ஜ் (தோல்மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் குதிரை) வரை அளக்காதீர்கள். பிரிட்ஜ் இடம் மாறியிருக்கலாம். 17 மெட்டு வாத்தியத்தில் பெரும்பாலும் 21 அங்குலத்தையொட்டி வரும். என்னுடைய 19 மெட்டில் 23 அங்குலம். கம்பி குட்டையாக ஆக, அதே சுருதிக்கு இழுவிசை குறையும். ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் கனம் என்னுடையதைவிட ஒரு படி கூட: 13, 22, 32, 42.

இந்த நாலையும் சேர்த்துக் கட்டிய உறை ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 11–52 என்று ஒரு செட் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. அதற்குள் 11, 15, 22, 32, 42, 52 என ஆறு கம்பிகள். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கம்பிகளை எடுத்தால் உங்கள் ஏ, டி, ஜி முடிந்தது. முதல் கம்பிக்கு மட்டும் 13 வெறுங்கம்பி (மேலே வேறு கம்பி சுற்றாதது) ஒன்று லூஸில் கேளுங்கள். அது இல்லையென்றால் 10–46 எலெக்ட்ரிக் கிட்டார் செட்டில் இரண்டாவது கம்பி 13தான். கிட்டார் வாசிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் மிச்சக் கம்பிகளைக் கொடுத்துவிட்டு இதைப் பண்டமாற்றாக வாங்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கிட்டார் கம்பியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பல பாஞ்சோக்களின் டெயில்பீஸில், அதாவது கம்பிகளின் அடி நுனியை மாட்டும் இடத்தில், கொக்கி மட்டும் இருக்கும். கம்பி நுனியில் வளையம் இருந்தால் அதில் மாட்டலாம். கிட்டார் கம்பியின் நுனியிலோ பித்தளைக் குண்டு இருக்கும். உங்கள் டெயில்பீஸை முதலில் திருப்பிப் பாருங்கள். பிளவு இருந்து குண்டு அதில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் குண்டை எடுக்க வேண்டும். குண்டைச் சுற்றியிருக்கும் கம்பியைத் தொடாமல், குண்டின் இரு விளிம்புகளையும் கட்டிங் பிளையரின் வாயில் கொடுத்து மெதுவாக நெரியுங்கள். பிதுங்கி உடைந்து விழும், மிஞ்சுவது வளையம். மேலே ஒரு பழைய துணியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முதல் தடவை நான் துணி போடவில்லை. பித்தளைத் துணுக்கு மூக்குக்கண்ணாடியில் டிங் என்று பட்டது. கண்ணாடி போடாதவனாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை.

எங்கே வாங்குவது என்றால், உங்களுக்கு சென்ட்ரல் லைன், நேராக சிஎஸ்எம்டி. இறங்கி தோபி தலாவ் பக்கம் நடந்தால் 1865இலிருந்து இருக்கும் ஃபுர்ட்டாடோஸ். பாஞ்சோ செட் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டாலும் மேலே சொன்ன கிட்டார் செட்டுக்காகப் போன பயணம் வீணாகாது. கிட்டார் கம்பி விற்கும் எந்தக் கடையும் போதும், முலுண்டிலேயேகூட. ஒரு சீட்டில் "கிட்டார், அக்கூஸ்டிக், 11–52, லூஸ், 13 பிளெயின்" என்று எழுதிக்கொண்டு போங்கள். பாஞ்சோ என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

உலோகத்தைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். நிக்கல் சுற்று கொஞ்சம் மென்மை, எஃகுச் சுற்று பளிச், வெண்கலச் சுற்று முதல் சில வாரம் மினுக்கிவிட்டு மங்கும். பாஞ்சோவின் தோல் எதைப் போட்டாலும் கணீரென்றுதான் கத்தப்போகிறது. கனம் சரியாக இருந்தால் உலோகம் இரண்டாம் பட்சம் என்பது என் கட்சி.

மாட்டும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டியிருக்கும். பாஞ்சோவிலோ அதைத் தோல்மேல் பிடித்து வைத்திருப்பது கம்பிகளின் அழுத்தம் மட்டுமே. அறுந்த இரண்டோடு மற்ற இரண்டையும் ஒரே மூச்சில் கழற்றினால் பிரிட்ஜ் சாய்ந்துவிடும். அதன் கால்களைச் சுற்றி முதலில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ஒரு கம்பியைக் கழற்றி ஒன்றை மாட்டி என்று போங்கள். நான் நாலையும் கழற்றிவிட்டு, பிரிட்ஜைக் கண்மட்டத்தில் வைத்து, இரண்டு நாள் கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மேல் மெட்டுகளுக்குப் போகப் போக ஒவ்வொரு சுரமும் கோணல். சரிபார்க்கும் வழி சுலபம்: 12வது மெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணியொலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் ஒரு நூல் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். கனமான கம்பிக்கு மாறியதும் பழைய கோட்டிலிருந்து இது கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

கூடவே நட்டையும் கவனியுங்கள். முன்பு மெல்லிய கம்பி இருந்த பள்ளத்தில் 42 இறங்காமல் மேலேயே உட்காரும். திருகும்போது டிக் டிக் என்று தாவும். பள்ளத்தை அகலப்படுத்தச் சின்ன அரம் வேண்டும். கை பழகாதவர் கிட்டார் ரிப்பேர்காரரிடம் கொடுப்பது நல்லது, ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அறுந்த இரண்டில் ஒன்று முதல் கம்பியாக இருந்து, முன்பு யாராவது அதை ஏ சுருதிக்கு வைத்திருந்தால் ஆச்சரியமே இல்லை. அந்த நீளத்தில் அந்தச் சுருதி எஃகின் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். வெறுங்கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பது அதன் நீளத்தைப் பொறுத்தது. கனமாகப் போட்டால் தாங்கும் என்று நினைப்பது தப்பு, கழுத்துதான் வளையும். ஈக்கு இறக்கியதும் இந்தத் தொல்லை போய்விடும்.

மழைக்காலத்தில் நம் ஊரில் கம்பி துருப்பிடிப்பது நிச்சயம். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள். வீணை வாசிக்கும் என் அத்தை விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார். "இதுக்கும் கொஞ்சம் தடவேன்" என்று ஒருநாள் அவரே தடவிவிட்டார். சுற்றுக் கம்பியின் இடுக்கில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து, ஒரே வாரத்தில் 42 ரப்பர் பேண்ட் போலப் பேசியது. மறுபடி தோபி தலாவ்.