ஜப்தி வீட்டுப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பறக்கும் ரயிலில் போகும்போது கீழே பக்கிங்காம் கால்வாயைப் பார்ப்பேன். யார் அந்த பக்கிங்காம் என்று தேடியதில், 1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஒரு பிரபு என்று தெரிந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கால்வாய் வெட்டும் வேலை கொடுத்து ஜனங்களைக் காப்பாற்றியவர் என்கிறான் ஒரு நண்பன். பஞ்சத்தில் ஜனங்களைக் கொன்ற கூட்டத்தில் அவரும் ஒருவர், பெயரை உடனே எடுக்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அவர் காப்பாற்றியவரா, கொன்றவரா? பெயரை எடுக்கலாமா? ஒரு வரியில் சொன்னால்கூடப் போதும். லண்டனில் இருக்கும் பக்கிங்காம் அரண்மனையும் இவர் குடும்பத்துடையதுதானா?

ச., திருவான்மியூர்

அன்புள்ள ச.,

ஒரு வரியில் சொல்லக்கூடியதை இரண்டு நண்பர்களிடம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். அது போதாமல்தானே எனக்கு எழுதினீர்கள்? அப்புறம் என்னிடமும் ஏன் ஒரு வரி கேட்கிறீர்கள்?

அரண்மனை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பந்தமில்லை. அது வேறு பக்கிங்காம், வேறு குடும்பம், இவருக்கும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தைய கதை.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம் ஊரில் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு நீளக் காகிதம். 1968இல் கோர்ட் அமீனா எங்கள் வீட்டில் ஜப்தி செய்த சாமான்களின் பட்டியல். 'இரும்புப் பெட்டி 1. எழுதும் மேசை 1, ஒரு இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. மர பீரோ 1. பெரிய தராசு 1. சுவர்க்கடிகாரம் 1, ஓடவில்லை.' எனக்கு அப்போது ஒன்பது வயது. கடன் தாத்தா வாங்கியது. அவர் போட்ட கையெழுத்துகளுக்கெல்லாம் பதில் சொல்ல அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். அமீனா வந்த அன்று காலையில் யாருக்கும் அதற்குச் சாவி கொடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மண்டி போனது, பீரோ போனது பற்றியெல்லாம் அப்பா வாயே திறக்க மாட்டார். 'ஓடவில்லைன்னு எழுதிட்டான்' என்பதை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் கவர்னரும் ஜப்தி வீட்டுப் பிள்ளைதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முழுப்பெயர் ரிச்சர்ட் பிளாண்டாஜெனெட் கேம்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். கல்யாணம் கல்யாணமாகச் செய்து எத்தனை குடும்பத்துச் சொத்தைச் சேர்த்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே ரசீது. 1823இல் பிறந்தவர். வீடு, பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோ. வீடு என்பது பேச்சுக்கு. தோட்டத்தைப் பார்க்கவே இங்கிலாந்து முழுவதிலிருந்தும் ஆள் வருவார்கள். அப்பா இரண்டாம் பிரபு. கடன் வாங்கி நிலம் வாங்குவார், நிலம் தரும் வருமானத்தைவிட வட்டி அதிகமாக இருக்கும், அந்த வட்டிக்கு இன்னொரு கடன். நம் ஊர்ப் பெரிய வீடுகள் கவிழ்ந்ததும் இதே கணக்கில்தான். 1845 ஜனவரியில் விக்டோரியா ராணியை அழைத்து வைத்து விருந்து வேறு. கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. 1847இல் மனிதர் நாட்டைவிட்டே போய்விட்டார். பொறுப்பு மகன் தலையில்.

1848 ஆகஸ்டில் ஸ்டோவில் ஏலம் ஆரம்பித்தது. கிறிஸ்டீஸ் கம்பெனி நடத்தியது. நாற்பது நாள். படம், சிலை, பீங்கான், ஒயின், படுக்கை எல்லாம். அந்த நாற்பது நாளுக்குள்தான் மகனின் இருபத்தைந்தாவது பிறந்தநாளும் வந்து போனது. ஷேக்ஸ்பியரின் முகம் என்று இன்று உலகம் நம்பும் படம் இருக்கிறதே, காதில் வளையத்தோடு, அதற்கு 'சாண்டோஸ் படம்' என்று பெயர் வந்தது இந்தக் குடும்பத்தால்தான். 355 கினிக்குப் போனது (கினி என்பது பவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதல்). வாங்கிய எல்ஸ்மியர் பிரபு பிறகு அதை லண்டன் தேசிய உருவப்பட காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே சேர்ந்த முதல் படம் அது. மொத்த ஏலத்திலும் கிடைத்தது சுமார் 75,000 பவுண்டு. கடலில் ஒரு சொம்புத் தண்ணீர். எந்தப் பொருளை யார் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று ஒரு புத்தகமே அச்சாகி விற்றது. யோசித்துப் பாருங்கள். எங்களுக்காவது ஒரே ஒரு காகிதம், அதுவும் பெட்டிக்கு அடியில்.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் பலர் குடித்துச் சாவார்கள், அல்லது பழைய பெருமையைச் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழிப்பார்கள். இவர் ரயில் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். 1853இல் லண்டன் - வடமேற்கு ரயில்வேயின் தலைவர். அன்றைக்குப் பிரிட்டனின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. வண்டி, நிலக்கரி, சரக்குக் கூலி என்று எட்டு வருஷம். அப்பா 1861இல் செத்தார். எங்கே? பாடிங்டன் ரயில் நிலைய ஓட்டலில். போட்டிக் கம்பெனியின் நிலையம்! அந்த வருஷம்தான் மகன் மூன்றாம் பிரபு ஆனார். ரயில்வே பதவியையும் விட்டார். பிரபுப் பட்டம் வந்த பிறகும் ரயில் பைத்தியம் போகவில்லை. 1871இல் தன் நிலத்திலேயே உரமும் பாலும் ஏற்ற ஒரு குட்டி ரயில் போட்டுக்கொண்டார். மாட்டுவண்டியோடு போட்டி போடும் வேகம். அது பிற்பாடு கைமாறிக் கைமாறி லண்டன் பாதாள ரயிலின் ஒரு கிளையாகி, 1935 வரை வயல் நடுவே ஓடியது.

அரசியல் பக்கம் வருகிறேன். இங்கேதான் உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் கோட்டைவிட்டது.

1867 மார்ச். பிரிட்டிஷ் பிரதமர் டெர்பி பிரபுவின் மந்திரிசபை. நகரத் தொழிலாளிகளில் பலருக்கு ஓட்டுரிமை கொடுக்கும் மசோதா. இது அடுக்காது என்று மூன்று மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள்: இந்தியா மந்திரி கிரான்போர்ன், குடியேற்ற நாடுகளின் மந்திரி கார்னார்வன், யுத்த மந்திரி பீல். கார்னார்வன் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நம் பக்கிங்காம். கனடா என்ற நாடு அந்த ஜூலையில் பிறந்தபோது மந்திரி இவர்தான், ஆனால் வேலையெல்லாம் முன்னவர் செய்துமுடித்தது. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது ராஜினாமா.

பத்து வருஷம் தள்ளி வாருங்கள். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மதராஸ் கவர்னர் பக்கிங்காம். வைஸ்ராய் லிட்டன், கவிதை எழுதுகிறவர். லண்டனில் இந்தியா மந்திரி சால்ஸ்பரி. யார் தெரிகிறதா? அதே கிரான்போர்ன், அப்பா செத்துப் பட்டம் மாறியிருக்கிறது. ரயில்காரரான பக்கிங்காமுக்கு ஒன்று தெரியும்: தானியம் தானாக நடந்து வராது, யாராவது வாங்க வேண்டும், வண்டி வேண்டும். மதராஸ் அரசு ஒரு வியாபாரக் கம்பெனி மூலம் ஓசைப்படாமல் 30,000 டன் தானியம் வாங்கியது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராயின் அரசுக்குக் கோபம். அரசாங்கம் தானியம் வாங்கினால் வியாபாரி பயந்துவிடுவானாம், விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளுமாம். இனி வாங்காதே என்று உத்தரவு. பிறகு 1877 ஜனவரியில் செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். (பெயரில் இருவருமே ரிச்சர்ட், இருவருமே டெம்பிள். பரீட்சையில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை. இதுதான் டெம்பிள் கூலி.

ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். வீட்டில் தராசு இருந்தால் அரிசியை நிறுத்துப் பாருங்கள். தட்டில் பார்க்க நிறையத்தான் தெரியும். பருப்பு இல்லை, காய் இல்லை, எண்ணெய் இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் வெட்டிய மண்ணைத் தலையில் கரையேற்ற வேண்டும், நாளைக்கும், அடுத்த மாதமும். மதராஸ் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற டாக்டர் இது சாவுக்கான கணக்கு என்று விடாமல் எழுதினார். ஒன்றரை ராத்தலும் பருப்பும் காயும் வேண்டும் என்றார். மார்ச்சில் மதராஸ் அரசு ஒன்றேகால் ராத்தலுக்கு ஏற்றி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. பாதி வழி! ஆகஸ்டில் பக்கிங்காம் லண்டன் மேயருக்குத் தந்தியடித்து நேரே இங்கிலாந்து ஜனங்களிடம் கையேந்தினார். ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. லிட்டனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. மதராஸ் வந்து முகாம்களைப் பார்த்துவிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதினார்: இதெல்லாம் பிக்னிக், ஜனங்கள் கொழுத்துக் கிடக்கிறார்கள், பண்ணையார் தன் பரிசுப் பன்றிகளைப் பார்ப்பதுபோல பிரபு வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்ற தோரணையில். பஞ்சம் முடிவதற்குள் மொத்தமாக ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

என் கேள்வி இது ஒன்றுதான். திருப்பித் திருப்பி இதையே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்காம் தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுப்பதா என்ற கேள்விக்கு மூன்று மந்திரிகள் பதவியைத் தூக்கிப் போட்டார்கள். ஒரு ராத்தலா ஒன்றரை ராத்தலா என்ற கேள்விக்கு ஏன் ஒருத்தர்கூடப் போடவில்லை? சால்ஸ்பரிக்கு ராஜினாமா செய்யத் தெரியும், செய்தவர். 1878 ஜனவரியில் கார்னார்வன் மறுபடி ராஜினாமா செய்தார். துருக்கிப் பக்கம் கப்பற்படை அனுப்பியதற்காக! அவர்கள் இரண்டு பேருக்கும் மதராஸ் தூரம். நம் ஆளுக்கு? ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடத்தில் பிணம். வாங்கிய தானியம் சரி, கேட்ட கூலி சரி, மேலிடம் சொல்வது தப்பு என்று அவருக்குத் தெரியும். 'நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்' என்று ஒரு பிரபு கப்பலேறியிருந்தால் லண்டனில் எவ்வளவு சத்தம் கேட்டிருக்கும்? அவர் கோப்பில் மறுப்பு எழுதினார், கிடைத்த இடத்தில் கால் ராத்தல் ஏற்றினார், இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். சரித்திரம் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. ஜப்திக்குப் பிறகு அப்பா வேறொருவர் மண்டியில் கணக்கு எழுதப் போனார். இருபத்திரண்டு வருஷம். முதலாளி ஆள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசுவார். விட்டுவிட்டு வாருங்களேன் என்று ஒருமுறை கேட்டேன், அப்போது எனக்கு உங்கள் வயது. 'குதிர்ல நெல்லு இருக்கிறவன் ரோஷப்படுவான்' என்றார். ஏலம் போன வீட்டுப் பிள்ளைக்கு எந்த நாற்காலியையும் விட்டு எழுந்திருக்கக் கால் வராது. அது என் அப்பாவிடம் இருந்தபோது எனக்குப் பரிதாபம். ஒரு கவர்னரிடம் இருந்தால் அதை என்னவென்று சொல்வது?

பரிதாபத்தை ரொம்பவும் நீட்டாதீர்கள், ஒன்று சொல்கிறேன். அந்த 1870களின் கடைசியில்தான் ஊட்டியில் கவர்னர் மாளிகை எழுந்தது. கட்டச் சொன்னவர் இவர். முன்முகப்பு எதன் ஜாடையில் தெரியுமா? ஸ்டோ. ஏலத்தில் வெறிச்சோடிய அந்த ஸ்டோ. கீழே சமவெளியில் ராத்தல் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது, மேலே மலையில் மனிதர் சின்ன வயதில் காலியான வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அந்தக் கோபம் இல்லை. அதற்கு மறுநாள் மறுபடி வந்தது.

கால்வாயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், இல்லையா. அவர் வருவதற்கு எழுபது வருஷம் முன்பே, 1806இல் எண்ணூர் வரைக்கும் ஆரம்பித்துவிட்டார்கள். அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டுதான் 1877-78 பஞ்சக் கூலியில் வெட்டியது. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை 420 கிலோமீட்டருக்கும் சேர்த்துப் பெயர் மட்டும் அவருக்கு. எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் மூன்று பேருமே பேசி முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. அவர் 1880இல் ஊர் திரும்பி, இரண்டாம் கல்யாணம் செய்து, 1889இல் செத்தார். ஆண் வாரிசு இல்லாததால் பிரபுப் பட்டம் அவரோடு அழிந்தது. ஸ்டோ இப்போது பள்ளிக்கூடம்.

அப்பாவின் பட்டியலுக்கு வருகிறேன். ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து. ஒவ்வொரு சாமானும் எவ்வளவுக்குப் போனது, யார் எடுத்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். கடிகாரம் பதினோரு ரூபாய். எடுத்தவர் பெயரைப் போன வாரம்தான் பார்த்தேன். அப்பா கணக்கு எழுதப் போன அதே மண்டி முதலாளி. அந்தக் கடிகாரத்தைச் சின்ன வயதில் அந்தக் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அடையாளம் தெரிந்ததில்லை. அப்பாவின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருக்கும். காலையில் கடை திறந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அதற்குச் சாவி கொடுப்பது அவர் வேலை.

அன்புடன்