நான்கு செமஸ்டர் படித்ததை ரெஸ்யூமில் எப்படிப் போடுவது?

கேள்வி: பி.எஸ்சி. கணிதத்தில் நான்கு செமஸ்டர் முடித்தேன். அப்போது பகுதிநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை முழுநேர வேலையாக மாறியது. கல்லூரிக்குத் திரும்பிப் போகவே இல்லை. எட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இப்போது எனக்குக் கீழே நான்கு பேர். வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், ரெஸ்யூமில் ‘கல்வி’ என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. ‘பி.எஸ்சி. என்று போடு, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்கிறாள் தோழி. ‘கல்லூரிப் பேச்சையே எடுக்காதே’ என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். அண்ணன் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தோழி.

‘யார் பார்க்கப் போகிறார்கள்?’ பார்க்கிறார்கள். நிறுவனம் நேரடியாகப் பார்க்காவிட்டாலும், சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்யும் ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். அவர்கள் பல்கலைக்கழகத்திடம் பெரிதாக எதையும் துருவுவதில்லை. இந்தப் பெயரில் ஒருவர் படித்தாரா, எப்போதிலிருந்து எப்போது வரை, பட்டம் வழங்கப்பட்டதா, அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் கதை முடிந்தது. இதில் கொடுமை, இந்தச் சோதனை பல இடங்களில் வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நடக்கும். அதற்குள் நீங்கள் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்து, உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதுவும் போய், இதுவும் போய் நிற்க வேண்டியதுதான்.

சரி, சோதனையே நடக்கவில்லை என்று வையுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் சேர்க்கைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் மேரிலீ ஜோன்ஸ். வேலையில் நல்ல பெயர். 1979 வாக்கில் அங்கே முதன்முதலில் விண்ணப்பித்தபோது, தன்னிடம் இல்லாத பட்டங்களைக் குறிப்பிட்டிருந்தார். 2007-இல் அது வெளியே வந்து பதவி விலகினார். பின்னால் பெரிய பதவிக்கு விண்ணப்பித்தபோதும் அதைத் திருத்தும் தைரியம் தனக்கு வரவில்லை என்று அவரே அறிக்கையில் சொன்னார். எனக்கு உறைப்பது இந்த இடம்தான். ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த ரெஸ்யூமிலும் போட வேண்டும், அதற்கடுத்ததிலும் போட வேண்டும். திடீரென்று எடுத்தால் ‘போன தடவை இருந்ததே?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. யாஹூ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு 2012 ஜனவரியில் வந்த ஸ்காட் தாம்சனிடம் கணக்கியல் பட்டம் நிஜமாகவே இருந்தது. கூடவே கணினி அறிவியலும் என்று அவருடைய குறிப்பில் இருந்ததுதான் வம்பாகி, அந்த மே மாதமே வெளியேறினார்.

நீங்கள் இப்படி முழுப் பொய் எழுதக்கூடியவர் இல்லை. எழுதுபவராக இருந்தால் எனக்குக் கடிதம் போட்டிருக்க மாட்டீர்கள். எனக்குக் கவலை வேறு ஒரு வரியைப் பற்றி. பலரும் நல்ல மனதோடேயே இப்படி எழுதிவிடுகிறார்கள்:

பி.எஸ்சி. கணிதம், 2014–2016

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்தப் படிப்பில் சேர்ந்தது உண்மை, வருடங்களும் உண்மை. ஆனால் வாசிப்பவர் கண்ணில் இது ‘பட்டம் வாங்கியாயிற்று’ என்றுதான் விழும். பட்டத்தின் பெயரை எழுதிப் பக்கத்தில் வருடத்தைப் போட்டால் முடித்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு இளைஞர் வந்தார். அருமையாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம், சாதாரணமாகத்தான், ‘பட்டம் எந்த வருஷம் வாங்கினீங்க?’ என்று கேட்டேன். மேஜையில் இருந்த பேனாவின் மூடியை எடுத்தார், போட்டார். ‘இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு சார்’ என்றார். இரண்டு பேப்பர் பாக்கி என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, அந்த வேலைக்குப் பட்டம் தேவையும் இல்லை. ஆனால் அதன் பிறகு அவர் ரெஸ்யூமில் இருந்த மற்ற வரிகளையும் நான் சந்தேகத்தோடுதான் படித்தேன். அவர் எழுதியிருக்க வேண்டியது ஒன்றரை வரி.

நீங்கள் எழுத வேண்டியதும் அதுதான்:

பி.எஸ்சி. கணிதம்: 6 செமஸ்டரில் 4 முடித்தது, பட்டம் பெறவில்லை (2014–2016)

வருடங்களை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ‘பட்டம் பெறவில்லை’ என்று எழுதக் கூசுகிறது என்றால், ‘6 செமஸ்டரில் 4’ என்பதே போதுமான அளவுக்கு உண்மையைச் சொல்லிவிடும். ஏன் நின்றது என்ற காரணம் ரெஸ்யூமில் வேண்டவே வேண்டாம். கணக்கு வேலைக்குப் போகிறீர்கள். புள்ளியியல் மாதிரிப் பாடம் எதையாவது அந்த நான்கு செமஸ்டரில் முடித்திருந்தால் கூடவே குறிப்பிடுங்கள். ‘முடிக்கும் ஆண்டு’ என்று வருங்கால வருடம் ஒன்றைப் போடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. இன்றைக்குக் கல்லூரியில் உங்கள் பெயர் பதிவில் இருந்தால் மட்டும்தான் அதற்கு உரிமை. எப்போதாவது முடிப்போம் என்ற ஆசை பதிவாகாது.

இப்போது அண்ணன். ரெஸ்யூம் சுயசரிதை இல்லை, எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு செமஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் நானும் ‘விடு’ என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுடையது இரண்டு வருடப் படிப்பு, அதுவும் வேலைக்குத் தொடர்புள்ள பாடம். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில். மேலே எட்டு வருட அனுபவம் வரட்டும். நான்கு பேரை வைத்து மாதக் கணக்கை எத்தனை நாளில் முடிக்கிறீர்கள் என்பதை முதலில் படித்துவிட்டு ‘கல்வி’க்கு வருகிறவருக்கு அந்த வரி பெரிதாகத் தெரியாது.

ஆனால் அண்ணனின் யோசனை விண்ணப்பப் படிவத்தில் எடுபடாது. அங்கே கேள்வி நேராக வரும். ‘முடித்த உயர்ந்தபட்சக் கல்வி’ என்று கேட்டால் உங்கள் பதில் பள்ளிப் படிப்பு. வருத்தமாக இருந்தாலும் அதுதான் பதில். ‘படித்த கல்வி நிலையங்கள்’ என்று கேட்டால் கல்லூரியை எழுதி, பட்டம் பெற்றீர்களா என்ற கட்டத்தில் ‘இல்லை’. இப்படிப்பட்ட படிவங்களின் அடியில், தந்த விவரம் தவறு என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் வேலையிலிருந்து நீக்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு உறுதிமொழி இருப்பது வழக்கம். அதன் கீழேதான் கையெழுத்துப் போடுகிறோம். லிங்க்ட்இன்னில் உங்கள் பக்கம் இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே வெறும் வருடங்கள் மட்டும் இருந்தால், மேலே சொன்ன அதே சிக்கல்.

விளம்பரத்தில் ‘பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்’ என்றிருந்தால் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள். ‘பட்டம் கட்டாயம்’ என்று போட்டுவிட்டு அனுபவத்தைப் பார்த்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. ஆனால் இணையப் படிவத்தில் ‘பட்டம் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றதும் மனிதக் கண்ணுக்கே போகாமல் தள்ளிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே உள்ளே தெரிந்தவர் யாராவது உங்கள் ரெஸ்யூமைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வழி. சட்டமே பட்டம் கேட்கும் வேலைகளில் இதுவும் நடக்காது.

நேர்முகத்தில் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும். ‘படிக்கும்போதே பார்த்த வேலை முழுநேரமானதால் நான்கு செமஸ்டரோடு நின்றது. அதன் பிறகு கணக்குப் பிரிவிலேயே எட்டு வருடம்.’ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பேசினால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. சில பல்கலைக்கழகங்கள் இடையில் நின்றவர்களுக்கும், முடித்த அளவுக்கு ஒரு சான்றிதழோ டிப்ளமாவோ தருகின்றன. உங்களுடையதில் அது உண்டா, பழைய மாணவருக்கும் பொருந்துமா, நான்கு செமஸ்டர் மதிப்பெண்கள் இன்னும் செல்லுமா என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மீதிப் படிப்பை முடிக்கக் காலக்கெடு இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள். நான்கு செமஸ்டர் மார்க் ஷீட்டும் கையில் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதற்கும் சேர்த்தே இந்த வாரம் விண்ணப்பித்துவிடுங்கள், கல்லூரி அலுவலகத்திலிருந்து காகிதம் வர நாள் பிடிக்கும்.