கடைக்கு வரும் பெண்பிள்ளைகள் கேட்காமலே திரும்பிப் போகிறார்கள்

உங்கள் மருந்துக்கடையில் போஸ்டர் வைத்தும் பெண்பிள்ளைகள் வேண்டியதைக் கேட்காமலே போகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். போஸ்டரை விடுங்கள், முதலில் கவுண்டரை மாற்றுங்கள். பாராசிட்டமால் ஒரு பட்டை வாங்கிக்கொண்டு நழுவுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? கேட்க வந்தது வேறு. பக்கத்தில் ஆள் நின்றதால் வாய் வரவில்லை.

பெரும்பாலும் காரணம் "யாருக்கும்மா?" என்ற கேள்விதான். நல்ல மனதோடுதான் கேட்கிறோம், ஆனால் தெருவுக்கே கேட்கிறது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போடுவதும் அப்படித்தான்: மறைக்கிற மாதிரி ஊருக்குக் காட்டுவது. மற்றப் பொருளுக்குத் தரும் அதே கவரில் கொடுங்கள்.

ஒரு சோதனை: கூட்டமான மாலையில், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நீங்கள் நின்று, கடைப்பையனிடம் கர்ப்பப் பரிசோதனை கிட் கேளுங்கள். அவன் உள்ளே திரும்பிக் கத்துகிறானா? அடுத்த ஆள் எட்டிப் பார்க்கிறாரா? அப்படியானால் ஓரமாக ஒரு இடம் ஒதுக்கி, சின்னத் தாளும் பேனாவும் வையுங்கள். எழுதி நீட்டுவது பலருக்குச் சுலபம்.

அப்புறம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருந்துச்சீட்டு தேவையில்லை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இருந்தும் நம் தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்கியே வைப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரை வேறு கதை, சீட்டில்லாமல் கூடவே கூடாது.

போஸ்டரில் "முழு ரகசியம்" என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு குறுக்கே வரும்: குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்லியாக வேண்டும். மிரட்டல், வற்புறுத்தல் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கொடுங்கள்.