நெவாடிம்: 1946-ஆ, 1954-ஆ?

கேரளத்திலிருந்து போன கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேறிய நெவாடிம் கிராமத்தைப் பற்றிய கட்டுரைக்கு, ஊர் தொடங்கிய ஆண்டு ஓர் இடத்தில் 1946 என்றும் இன்னோர் இடத்தில் 1954 என்றும் இருக்கிறதே, எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி, இரண்டையும் போடுங்கள். 1946 அக்டோபரில் நெகேவ் பாலைவனத்தில் ஒரே இரவில் பதினொரு குடியிருப்புகளை நிறுவினார்கள், அதில் நெவாடிமும் ஒன்று. ஆனால் அந்த முதல் குழு அங்கே நிலைக்கவில்லை. 1954-இல் கொச்சியிலிருந்து போனவர்கள் குடியேறிய பிறகுதான் அது இன்றைய ஊர் ஆனது.

அப்புறம், தயவுசெய்து அதைக் கிப்புட்ஸ் என்று எழுதாதீர்கள். அது மொஷாவ். இரண்டும் இஸ்ரேலின் விவசாயக் குடியிருப்பு வகைகள். கிப்புட்ஸில் எல்லாமே பொது. மொஷாவில் வீடும் வயலும் அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பு, விதை, உரம் வாங்குவதும் விளைச்சலை விற்பதும் கூட்டுறவு மூலம்.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கொச்சி யூதர்கள் இந்தியாவிலிருந்து கிளம்பவே பல ஆண்டு தாமதமானது, காரணம் யானைக்கால் நோய் பரவிவிடும் என்று இஸ்ரேல் சுகாதாரத் துறைக்கு இருந்த பயம். கேரளத்தில் பெரும்பாலும் கடையும் வியாபாரமுமாக, வருஷத்தில் பாதி மழை பார்த்து வாழ்ந்தவர்கள், நெகேவின் பீர்ஷெபா நகரத்துப் பக்கத்து வறண்ட மண்ணில் விவசாயம் கற்றுக்கொண்டார்கள், பின்னால் பசுமைக்குடிலில் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கே அனுப்பினார்கள் என்றால் அது சாதாரண உழைப்பா? கேரளத்துச் சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாகு பெசலேலுக்கு இந்திய அரசு, வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான பிரவாசி பாரதிய சம்மான் விருதைக் கொடுத்தது இந்த மாதிரி விவசாயப் பணிக்காகத்தான். அவர் பெயரில் தேடினால் உங்களுக்கு நிறைய கிடைக்கும்.