நேயர் சர்வே: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பாட்காஸ்ட் நேயர்கள் யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று சர்வே நடத்தித் தெரிந்துகொள்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். முதல் சர்வேக்கு 32 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே முக்கியமாகத்தான் படுகிறது. எதை வெட்டுவது?

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் "இதற்கு இப்படிப் பதில் வந்தால் இதை மாற்றுவேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத கேள்வியை அடித்துவிடுங்கள். பத்துக்குள் வந்து நிற்கும். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கேட்டால், கடைசியில் அழகான வட்ட வரைபடம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

மிஞ்சியவற்றை நடந்ததைக் கேட்கும் கேள்விகளாக மாற்றுங்கள். "வாரம் இரண்டு எபிசோட் போட்டால் கேட்பீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. "கடந்த நான்கு எபிசோடுகளில் எத்தனை கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், இரட்டிப்பாக்கும் திட்டத்தின் கதி உங்களுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: "எபிசோட் நீளம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஆனால் ஸ்பாட்டிஃபை காட்டும் வரைபடத்தில் 20-ஆவது நிமிடத்துக்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றிச் சொல்கின்றன. சர்வே பற்றிய அறிவிப்பை எபிசோடின் எந்த இடத்தில் வைத்தீர்கள்? முடிவில் என்றால், கடைசி நிமிடம் வரை இருந்தவர்களிடம் போய் "நீளம் அதிகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

இது பழைய வியாதி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. தேர்தலில் ரூஸ்வெல்ட் அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளை டெலிபோன் பட்டியல், கார் பதிவு போன்றவற்றிலிருந்து எடுத்ததால் வசதியானவர்கள் அதிகம் சேர்ந்துவிட்டார்கள். மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களிலும் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். எண்ணிக்கை பெரிதாக இருந்தும் சாய்வு நேராகவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. அறிவிப்பை முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வையுங்கள். படிவத்தை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு இடத்துக்கும் தனித்தனி லிங்க் கொடுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிப் பதில் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகலாம். சொல்லாவிட்டால், முதல் லிங்க்கில் வந்தவர்களின் பதில்களை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

கேள்வி: 140 பேர்தான் பதில் அனுப்பினார்கள். இது போதுமா அக்கா?

பாடப்புத்தகக் கணக்கில் 100 பேரிடம் கேட்டால் முடிவு ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி அங்கே இங்கே போகும். 400 பேருக்கு 5, ஆயிரம் பேருக்கு 3. ஆனால் அது குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால்தான் பொருந்தும். உங்கள் 140 பேர் தாங்களாக முன்வந்தவர்கள், அதனால் பிழை எவ்வளவு என்று சொல்ல எந்தச் சூத்திரமும் உதவாது. எண்களை முரட்டுத்தனமாகப் படியுங்கள்: 55-க்கு 45 என்று வந்தால் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 80-க்கு 20 என்று வந்தால் காது கொடுங்கள். வயதுவாரியாகப் பிரித்து, 11 பேர் இருக்கும் குழுவுக்குச் சதவீதம் போடாதீர்கள்.

சொந்த வார்த்தையில் எழுதிய பதில்களைப் பொறுத்தவரை 140 என்பது புதையல். ஒன்று விடாமல் படியுங்கள்.

கேள்வி: வாரா வாரம் லிங்க் சொல்கிறோம். யாரும் தொடுவதே இல்லை.

கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். கை காலியாகும்போது முகவரி மறந்திருக்கும். வாயால் சொன்னால் எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடிகிற குட்டி முகவரி வையுங்கள், நடுவே கோடு, எண் எதுவும் வேண்டாம். எபிசோட் குறிப்பின் முதல் வரியிலேயே லிங்க் இருக்கட்டும். பல ஆப்களில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து சொல்லுங்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் பழைய எபிசோடுகளிலும் அறிவிப்பைச் செருகும் வசதி இருந்தால் தவறாமல் பயன்படுத்துங்கள். பழையதிலிருந்து தொடங்கும் புது நேயர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்புறம், அந்தப் படிவத்தை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். கூகுள் ஃபார்மில் ஒருவருக்கு ஒரு பதில்தான் என்று அமைத்திருந்தால் உள்ளே போகவே லாகின் கேட்கும். பலர் அந்த வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். நாலைந்து பேர் இரண்டு முறை பதில் சொல்வது அதைவிடச் சின்ன நஷ்டம்.

கேள்வி: பரிசு கொடுத்தால் கூட்டம் வருமா?

வரும், யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்பதுதான் சிக்கல். உங்கள் நேயருக்கு மட்டுமே ஆசை வரும் பரிசாக வையுங்கள். அவர் தலைப்பில் ஒரு எபிசோட், உங்களோடு அரை மணி நேர உரையாடல், இப்படி. "கடைசியாகக் கேட்ட எபிசோடில் எது நினைவிருக்கிறது?" என்று ஒரு திறந்த கேள்வி வைத்தால், பரிசுக்காக மட்டும் வந்தவர்கள் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடுவார்கள். மின்னஞ்சல் முகவரியைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள். பெயர் தெரியும் என்றால் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: "ஒலித்தரமும் உள்ளடக்கமும் எப்படி இருக்கின்றன?" சரியான கேள்விதானா?

இல்லை. அது இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள்.

கேள்வி: விளம்பரதாரர் என்பிஎஸ் (நெட் ப்ரமோட்டர் ஸ்கோர்) மதிப்பெண் கேட்கிறார். சேர்க்கவா?

காசு கொடுப்பவர் கேட்டால் சேர்த்துவிடுங்கள். 2003-இல் ஃபிரெட் ரைக்கெல்ட் எழுதிய கட்டுரையால் பரவிய முறை அது. பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்டு, 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். ரசிகர்களே வந்து பதில் சொல்லும் சர்வேயில் அது பெரும்பாலும் உயரமாகத்தான் நிற்கும். விளம்பரதாரர் சந்தோஷப்படுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

உங்களுக்காக வேறொன்று சேருங்கள்: "கடந்த மூன்று மாதத்தில் இதை யாரிடமாவது சொன்னீர்களா? என்னவென்று சொன்னீர்கள்?" வரலாற்றுப் பாட்காஸ்ட் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நேயர்கள் "தூங்கப்போகும்போது கேட்க நன்றாயிருக்கும்" என்று சொல்லிப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். அது தெரிந்தால், நடுவில் திடுக்கென்று அலறும் இசையை எடுத்துவிடுவீர்கள் அல்லவா?

கேள்வி: வயது, வருமானம் கேட்பது நாகரிகமா?

வயதைக் கடைசிப் பக்கத்தில், 25-34 என்பதுபோல் வரம்பாகக் கேளுங்கள். "சொல்ல விரும்பவில்லை" என்ற தேர்வு இருக்கட்டும். வருமானம் எனக்கு உவப்பில்லை, கட்டாயத் தேவை இருந்தால் மட்டும். சின்ன நிகழ்ச்சியில் வயது, தொழில், ஊர் மூன்றையும் வாங்கினால் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: "உங்களோடு பேசுகிறவர் ரொம்ப வேகம், தாங்க முடியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பரிடம் காட்டவா?

ஒருவர்தான் என்றால் வேண்டாம். ஏழெட்டுப் பேர் வெவ்வேறு வார்த்தையில் அதையே சொல்லியிருந்தால் பேசுங்கள், அப்போதும் அந்த வரிகளை அப்படியே அனுப்பாதீர்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள். நேயர் உணர்வது உண்மை, அவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். எடிட்டிங்கில் மௌனங்களைத் தானாக வெட்டும் வசதியைப் போட்டிருக்கிறீர்களா? மூச்சு விடும் இடமெல்லாம் போய்விட்டால், நிதானமாகப் பேசுகிறவரும் ரயில் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிதான் கேட்பார். வெட்டாத பதிவை ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

கேள்வி: கேட்பதை நிறுத்தியவர்களிடம் எப்படிக் கேட்பது?

சர்வே அவர்களை எட்டாது. எபிசோடுக்குள் வைக்கும் அறிவிப்பு எப்படி அவர்கள் காதில் விழும்? முன்பு அடிக்கடி எழுதி இப்போது சத்தமில்லாமல் இருப்பவர்கள், கட்டணச் சந்தாவை நிறுத்தியவர்கள் என்று ஐந்தாறு பேரைப் பிடித்து, அவர்கள் சம்மதித்தால் போனில் பேசுங்கள். "ஏன் விட்டீர்கள்?" என்றால் "நேரமில்லை" என்பார்கள். "அந்த நேரத்தில் இப்போது என்ன கேட்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேலைக்குப் போய்வரும் பயணமே நின்றுபோயிருக்கும், அல்லது அதே தலைப்பில் இன்னொரு பாட்காஸ்ட்டின் பெயர் வரும். முதலாவதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை அன்றே போட்டுக் கேளுங்கள்.